எழுந்து உட்காரத் தடை

நைட் செக்யூரிட்டி வேலையில் கண் விழிப்பது பழகிவிடும். விடிய விடிய ஒரே நாற்காலியில் கிடப்பதுதான் ஆளைத் தின்னும். பெங்களூர் கேட்டுகளில் நாற்காலி தேய்க்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாக்கு குழறியது

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து டீ கிளாஸை எடுத்தேன், கை பிடிக்கவில்லை. மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டால் நாக்கு குழறியது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை, ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மூளைக்குள் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டுக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையை விடக்கூடாது. கூடவே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். தசைக்கு வேலை கொடுத்தால் அந்தக் குழாய்களுக்கும் நல்லதாக இருக்கலாமாம்.

"நைட்டெல்லாம் முழிச்சு வேலை செய்றேனே மேடம், பத்தாதா?"

"அது கண்ணுக்கு வேலை. காலுக்கு இன்னா வேலை குடுக்கிறீங்க? அடுத்த வாட்டி நாக்கு திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வண்டியின் சட்டம்

ஊரிலிருந்து பெங்களூர் டியூட்டிக்குப் போகும் சாயங்கால ரயில் வண்டியில் துண்டு போட்டால் சீட் நம்முடையது, எழுந்தால் இல்லை. தெரிந்தும் புத்தி கெட்டு, பயிற்சியை அங்கேயே ஆரம்பித்தேன். முதல் தடவை எழுந்தேன், உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்தது, பங்காரப்பேட்டையில் ஏறிய ஒருவரின் மடியில். என் வியாதியைச் சொல்லி சீட்டைக் கேட்டேன்.

"டாக்டரை வரச் சொல்லுங்கண்ணா, அவங்களுக்கு எழுந்துக்கறேன்."

கேமரா பார்த்தது

நான் காவல் காக்கும் கட்டடத்தில் ஆபீஸ்காரர்களுக்குக் கண்ணாடி போட்ட ஜிம் உண்டு. சாவி என்னிடம், உள்ளே போக அனுமதி இல்லை. அதனால் கேட்டிலேயே எழுந்து உட்கார்ந்தேன். காலையில் கேமரா பதிவைப் பார்த்த சூப்பர்வைசர், அவரும் நம்ம ஊர் தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸ் ஆள்தான், பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, சாமி வந்தவன் மாதிரி ஆடற?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

"மேல ஜிம்முல அவங்க பண்றது இன்னா சார்?"

"அது ஃபிட்னஸ். நீ பண்றது டிசிப்ளின் இல்லாத வேலை."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் நாக்கு போச்சுன்னா உங்க ஆபீசருங்களுக்கு யார் சார் குட் மார்னிங் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி டியூட்டிக்குப் போனால் கேட்டில் நாற்காலியே இல்லை. சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இப்ப எழுந்து உக்காரு, பாக்கலாம்."

முதுகைத் தூணில் சாய்த்துக் குந்தி எழுந்துகொண்டுதான் இருக்கிறேன். என் மூளைக்கு நல்லது செய்ய எனக்குக் கால் இருக்கிறது, கம்பெனியின் மூளைக்கு எதை ஆட்டுவது என்றுதான் தெரியவில்லை.