கேட் இல்லாத இடத்தில் நின்றவள்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய், முனியும் இல்லை மோகினியும் இல்லை என்று மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதையைச் சொன்னால் எனக்கு இரண்டு பக்கமும் ஏச்சு. கூட்டாளிகள் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் "இப்பவாச்சும் தெரியுதா?" என்று சிரிக்கிறார்கள். நீங்களும் நம்பப்போவதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அது போதும்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து எங்கள் ஆட்களுக்கு ஓட்டுரிமை பறிபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் சிநேகிதன் ஆரோக்கியம் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைத் துடைப்பதும் தடவுவதுமாகவே இருந்தான். டயகமவில் இருக்கும் அவனுடைய அக்காவிடம் அதைக் காட்டியே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிறு காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஹட்டனை விட்டதுமே மழை. தலவாக்கலைப் பக்கம் அருவி புகை மாதிரி தெரிந்தது, தேயிலை மலையெல்லாம் கழுவித் துடைத்த பச்சை, நனைந்துகொண்டே இரண்டு பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனோம். அவ்வளவு சந்தோஷமாகப் போன பயணம் அது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கரப்பத்தனை தாண்டியதும் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. மண்வெட்டியோடு நின்ற ஒருவர், "தோட்டத்து உள் ரோட்டுல போங்க தம்பி, தொரை பங்களாவைத் தாண்டுனா ஆஸ்பத்திரி வரும், அப்பிடியே பெரிய ரோட்டுல ஏறிடலாம்" என்றார். அந்தத் தோட்டத்தின் பேர் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். மத்தியான நேரம்தான், ஆனால் மூடுபனி இறங்கி முன் சக்கரத்தைத் தாண்டி எதுவும் சரியாகத் தெரியவில்லை.

பங்களாவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கல்தூண்கள் நின்றன. இடது பக்கத் தூணை ஒட்டி, தூணுக்கு இந்தப் புறமாக ஒரு பெண், தலையில் கம்பளி போட்டுக்கொண்டு, தோளில் இன்னொரு கம்பளியில் சுற்றிய பிள்ளையோடு நின்றாள். கையை நீட்டி மறித்தாள். ஆரோக்கியம் பிரேக் பிடித்தான்.

"அண்ணே, புள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். கேட்டைத் தெறக்கச் சொல்லுங்கண்ணே."

"எந்தக் கேட்டைம்மா?" என்றேன்.

தூண்களுக்கு நடுவே கையைக் காட்டினாள். "பூட்டியிருக்காங்களே."

அங்கே கேட் எதுவும் இல்லை. தூணில் எப்போதோ கேட் மாட்டியிருந்த துருப்பிடித்த கொண்டி இருந்தது, அவ்வளவுதான். காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு இவளுக்கும் தலை சுற்றுகிறது போல என்று நினைத்து, "ஏறுங்கம்மா, நாங்க கொண்டுபோய் விடுறோம்" என்றேன். நான் முன்னால் நெருங்கி உட்கார்ந்தேன், அவள் எனக்குப் பின்னால் ஏறினாள். வண்டி தாழ்ந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் ஏறினால் தாழ்கிற மாதிரி தாழ்ந்தது. ஈரக் கம்பளி வாடை மூக்கில் அடித்தது. தூண்களைத் தாண்டினோம், சட்டென்று வண்டி லேசாகிவிட்டது. விழுந்துவிட்டாளோ என்று பதறித் திரும்பிப் பார்த்தால், பிள்ளையோடு பழைய இடத்திலேயே நிற்கிறாள்.

திரும்பிப் போய் மறுபடி ஏற்றினோம். மறுபடியும் அதேதான்.

"பாத்தீங்களாண்ணே, விட மாட்டேங்கிறாங்க" என்றாள். அழவில்லை. எத்தனையோ தடவை சொல்லி அலுத்துப்போனவள் மாதிரி சொன்னாள்.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டு, "ஏறுடா, போயிருவோம்" என்றான். எனக்குப் பயம் வந்ததா என்று கேட்காதீர்கள், வந்தது. ஆனால் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. இல்லாத கேட்டைக் காட்டி ஒரு தாயை மறிப்பதற்கு யாருக்கு என்ன அதிகாரம்? கீழே இறங்கி நடந்து போனேன். "புள்ளையக் குடுங்கம்மா. ஒங்கள விடாட்டிப் போறாங்க, புள்ளைய நான் கொண்டு போறேன்."

கம்பளியை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினாள். பிறகு கொடுத்தாள். நல்ல கனம். சட்டையைத் தாண்டி நெஞ்சில் சுட்டது. தூண்களுக்கு நடுவே நடந்து வந்தேன், கை லேசாகவில்லை, பிள்ளை என் கையில்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து, "ஓட்டுடா!" என்று கத்தினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை. கட்டிலில் கிடத்தி அவர்தான் கம்பளியைப் பிரித்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. மடிப்பு மடிப்பாக வெறும் கம்பளி. வெளியே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உள் மடிப்பு காய்ந்து இன்னும் சூடாகவே இருந்தது. அந்தச் சூட்டின் மேல் அவர் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"உந்தக் கம்பளியை எங்கை வாங்கினனீங்கள், தம்பி?"

சொன்னேன்.

"அந்தக் கேட்டைக் கழட்டி எத்தனையோ வருசமாச்சு" என்றார். "பழைய துரை இருக்கேக்கை, பங்களா ரோட்டாலை தொழிலாளியள் போகப்படாதெண்டு பூட்டி வைச்சிருந்தவர். காய்ச்சல்காரப் பிள்ளையோடை ஒரு தாய் வந்து கெஞ்சினவ, காவல்காரன் திறக்கேல்லை. மலையைச் சுத்தி நடந்து இஞ்சை என்னட்டை வந்து சேரேக்கை பிள்ளையின்ரை உயிர் போட்டுது. கொஞ்ச நாளிலை அவவும் அந்தக் கேட்டடியிலைதான் செத்துக் கிடந்தா."

"யாரும் கேக்கலையா?"

"ஆர் கேக்கிறது?"

அதை அவர் சொன்ன விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கேட்டிருக்கலாமே என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கம்பளியை எடுத்து அடுப்புப் பக்கம் கொடியில் காயப்போட்டார். நான் தனியாகவே அந்தத் தூண்கள் வரைக்கும் ஓடினேன். யாரும் இல்லை. கையில் கிடைத்த கல்லை எடுத்துத் தூணைப் போட்டு இடித்தேன், கை தோல் கிழிந்ததே தவிரத் தூணில் ஒரு சில்லும் பெயரவில்லை. பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் வாதாட வருகிறார்களே, அந்தத் துரை இருந்தானா இல்லையா என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா? சாகும்வரை சுகமாக வாழ்ந்திருப்பான். அவனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது, என்னைப் பற்றித்தான் வரும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஆரோக்கியம் செய்ததுதான். டயகமவில் அக்கா சோறு போட்டுக்கொண்டே ஏன் இருவரும் பேயறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லக்கா, ரோட்டுல கெடந்த கம்பளியை இவன் தூக்கிக்கிட்டு வந்துட்டான்" என்று சிரித்தான். அன்று தொடங்கிய பொய். ஹட்டனில், கொட்டகலையில், யார் கேட்டாலும் அதே சிரிப்பு. அவன் மகன் கல்யாணத்தில் பந்தியில் வைத்தும் அதையே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அன்று எனக்குப் பொறுக்கவில்லை, கையைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டிக்கொண்டே ஆரோக்கியம் பாதி தலையைத் திருப்பி, "வருவாங்க, பின்னாலயே வருவாங்க, அழக் கூடாது" என்று சொன்னான். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிள்ளை அவனிடம் ஏதோ கேட்டிருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"வெறும் கம்பளின்னா, அன்னைக்கி யாருக்குடா பதில் சொன்ன?" என்றேன்.

ஆரோக்கியத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒனக்குத்தான்டா சொன்னேன்" என்றான். "நீதானே வழிபூரா, 'அம்மா வரலியா, அம்மா வரலியா'ன்னு அழுதுகிட்டே வந்த."

அன்று "ஓட்டுடா" என்று கத்தியதற்குப் பிறகு, ஆஸ்பத்திரி வரும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.