மூன்று ஃபேன், ஐந்து வால்வு

என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. அவற்றை இந்த மாதத்தில் மட்டும் ஆறு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது. இரண்டு முறை நான், நான்கு முறை மண்டி மொஹல்லாக் கடையொன்றிலிருந்து வரும் மெக்கானிக். எல்லாம் அதிலிருந்து வரும் சத்தத்துக்காகத்தான். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதில்தான் முகம் காட்டிப் பேசுகிறாள். அவள் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு இரைச்சலோடு போய்விடுகிறது. போன வாரம் "என்னம்மா சொன்னே" என்று பதினாலு தடவை கேட்டேன். பதினைந்தாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். எதற்குச் சம்மதம் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

மெக்கானிக் கொள்ளேகால் பக்கத்துக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார், நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. சுழல்வதுதான் சத்தம் போடும் என்பது அவர் கணக்கு. உள்ளே சுழல்பவை நான்கு: புராசஸரின் மேல் ஒரு ஃபேன், பின்பக்கம் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று, அப்புறம் ஹார்ட் டிஸ்க். முதல் முறை வந்தபோது எட்டு வருஷத்துத் தூசியை ஊதி எடுத்தார். இரண்டாம் முறை, ஓடிக்கொண்டிருந்த பின்பக்க ஃபேனின் நடுவில் விரலை லேசாக வைத்து நிறுத்திப் பார்த்தார். கடகடப்பு நின்றது. அதை மாற்றினார். மூன்றாம் முறை, கம்ப்யூட்டர் இரும்பு அலமாரியின் மேல் இருப்பதால் அலமாரியும் சேர்ந்து அதிர்கிறது என்று கண்டுபிடித்து, தரையில் இறக்கி நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்தார். ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று, மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்தது போல, கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

நேற்றுக் காலை நான்காம் முறையாக வந்தார். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலாத புது வகை ஒன்றைப் போட்டார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இருக்கு."

"ஏனுங்க சார், எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

"நல்லாக் கேளுங்க. கொசு மாதிரி. ஆனா கொசு நடுவுல நிறுத்தும், இது நிறுத்தாது."

"ஸ்வல்ப பொறுங்க சார்" என்று என் முதுகுப் பக்கம் போனார். சற்றுக் கழித்து, "இப்போங்க?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று ஃபேனும் நின்றுபோனது கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அறுபத்தைந்து வருடங்களுக்கு முன் அப்படிப் பிளக்கும் கையுமாக நின்றவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அக்ரஹாரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். தெருவிலிருந்து மாடிக்குப் பதினொரு படிகள். அப்பாவுக்குத் தந்தி ஆபீசில் வேலை. கருவி 'கட்டுக் கடா' என்று தட்டுவதைக் காதால் வாங்கி, கையால் எழுத்தாக எழுத வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் காதுதான் சோறு போட்டது. அந்தக் காது எனக்கும் வந்திருப்பதாக அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தபால்காரரின் சைக்கிள் தெருமுனை திரும்புமுன்பே அவர் வருகிறார் என்று நான் ஒருமுறை சொன்னதுதான் அதற்கு ஆதாரம். அவர் தினமும் அதே நேரத்துக்கு வருகிறவர் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆபீசில் அப்பா எழுதிய இரண்டு தந்திகளில் எழுத்து மாறிப்போய்விட்டது. மூன்றாவது மாறினால் கருவி மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். வீட்டு ரேடியோவிலிருந்து ஓர் இரைச்சல் வருகிறது, அது காதில் தங்கி ஆபீஸ் வரை கூடவே வருகிறது, இதைச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நான்கு நாட்கள் வேட்டை நடந்தது. ஏரியல் கம்பியை அவிழ்த்தார். பிளக்கைத் திருப்பிப் போட்டார். ரேடியோவின் அடியில் அம்மாவின் பழைய புடவையை எட்டாக மடித்து வைத்தார். பின்பலகையைக் கழற்றி, உள்ளே கண்ணாடிக் குமிழ்களாக நின்ற ஐந்து வால்வுகளையும் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். இரைச்சல் போகவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டுவிட்டு, "எனக்கு உங்க சத்தந்தான் கேக்குது" என்று திரும்பிப் போனாள். கீழ் வீட்டுக்காரரும் ஏறி வந்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்குதாடா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் காது என்று பெயர் வாங்கியவன் எப்படி அதைச் சொல்வது?

"கேக்குதுப்பா. வண்டு மாதிரி."

"பாத்தியா" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவருடைய கூட்டாளி ஆனேன். வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்பார். வலம் என்பேன். இப்போது கூடியிருக்கிறதா என்பார். கொஞ்சம் கூடியிருக்கிறது என்பேன். அவர் நெற்றிக் கோடுகள் எந்தப் பதிலுக்குக் குறைகின்றன என்று பார்த்து அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு நாளில் பத்தொன்பது தடவை கேட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போதே எண்ணும் பழக்கம் இருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன், அப்பா கடைசிச் சோதனை ஒன்று வைத்தார். ஒலியை முழுக்கக் குறைத்து வைத்த ரேடியோ முன் கால் மடித்து உட்கார்ந்து, ஆபீசில் கருவி முன் உட்காருவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ எப்ப வேணா பிளக்கைப் பிடுங்கு. என்கிட்ட சொல்லாதே. சத்தம் நின்ன உடனே நான் கையைத் தூக்கறேன்."

மனதுக்குள் இருபது வரை எண்ணிவிட்டுச் சத்தமில்லாமல் பிடுங்கினேன். ரேடியோவின் முகப்பு விளக்கு மங்கி அணைந்தது. அப்பா கையைத் தூக்கவில்லை. நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன். அறுபது. நூறு. அவர் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.

"இன்னும் பிடுங்கலியாடா? அப்படியே கேக்குது" என்றார் கண்ணைத் திறக்காமல். "உனக்கு?"

"கேக்குதுப்பா" என்றேன். இருபதாவது தடவை. பழக்கத்தில் வந்துவிட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். அணைந்த விளக்கைப் பார்த்தார். என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தை.

முதுகில் அறை விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் எட்டிப் பிளக்கை வாங்கித் தரையில் வைத்தார். "சரி. நீ போய் வெளையாடு" என்றார்.

மறு மாதம் அப்பா தானே எழுதிக்கொடுத்து, கருவி மேஜையை விட்டுத் தபால்தலை விற்கும் ஜன்னலுக்குப் போனார். எவ்வளவு நல்ல வேலையை விட்டீர்கள் என்று அம்மா ஆறு மாதம் முனகினாள். ரேடியோ சாமராஜநகரில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டது. பொய் சொன்னதற்குத் தண்டனையாகத்தான் ரேடியோவைக் கொடுத்துவிட்டார் என்று நான் பல வருடம் உள்ளுக்குள் குமைந்தேன். தன் காதைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் காதைப் பற்றியும் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று மெக்கானிக் பிளக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, "வயசானா சில பேருக்கு இப்படி வருமுங்க. காது டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிருங்க சார்" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. சரி, நீங்கள் கிளம்புங்கள் என்றேன். சொல்லும்போதே அது யாருடைய குரல் என்று தெரிந்தது. அவர் போன பிறகு நான்கு திருகாணிகளையும் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அறையில் எதுவும் ஓடவில்லை. சத்தம் இருந்தது. அது இனி எந்த மெக்கானிக்குக்கும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் அப்பாவோடு சேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். இருபதாவது தடவையில் அவருக்கு அந்த ஒருவனும் இல்லாமல் போனான். ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அடி விழாமல் தப்பித்தோம் என்ற ஒரே மகிழ்ச்சியில், பதினொரு படிகளை மூன்று தாவலில் இறங்கித் தெருவுக்கு ஓடினேன்.