அக்காவின் பக்கத்துக் கொழும்பு

புறப்படுவதற்கு முன் அக்காவிடம் எடை கேட்க வேண்டியிருந்தது. நான்கு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். யார் எவ்வளவு கனம், எந்த ஆசனம் என்று எழுதி வைக்காமல் அது தரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

"ஐம்பத்தெட்டு," என்றாள்.

"அக்கா, இது கலியாணப் பேச்சில்லை. உண்மையைச் சொல்லுங்க."

"அறுபத்தாறு. ஹேண்ட்பேக்கோட."

"ஹேண்ட்பேக்குக்குள்ள என்ன இருக்கு?"

"ரோல்ஸ் நாலு. தண்ணிப் போத்தல். செபமாலை. பிறகு... உனக்கென்னத்துக்கு அதெல்லாம்?"

எழுபது என்று எழுதிக்கொண்டேன்.

இரத்மலானையில் காலை ஏழரை மணி. மதிலுக்கு அந்தப் பக்கம் காலி வீதி ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருந்தது. எண்ணெய் நிரப்ப வந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். அக்கா செபமாலையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "பயவென்ன எப்பா, அக்கே," என்றார். பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில். அக்கா உடனே நிமிர்ந்து, "பய நே மல்லி," என்றாள். பயமில்லையாம் தம்பி, தனக்கா பயம்? பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "இந்தக் கதவு இவ்வளவு மெல்லிசா?" என்று கேட்டாள்.

ஐம்பத்தேழு வயது வரை அக்கா விமானத்தில் ஏறியதில்லை. லிஃப்டிலும் ஏறமாட்டாள். வெள்ளவத்தையில் அவளுடைய ஃபிளாட் நான்காம் மாடியில். மரக்கறிப் பையோடு படியேறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று, அந்தந்த மாடிக்காரர்களின் வீட்டு விசேஷங்களை விசாரித்துக்கொண்டே மேலே போவாள். அதனால் அந்தக் கட்டடம் முழுவதும் அவளுக்குச் சொந்தம் மாதிரி.

மெல்போர்னில் இருக்கும் அவளுடைய மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. டிக்கெட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை கோயில் திருநாள். மூன்றாம் முறை அக்கா தயங்கியபோது மகள் ஃபோனில் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "இனி நான் கேக்கமாட்டன் அம்மா," என்று மட்டும் சொன்னாளாம். அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"நீ ஓட்டுறியே, அந்தச் சின்னச் சாமான். அதில என்னை ஒருக்கா ஏத்திப் பார். இருக்க ஏலுமெண்டா போறன். ஏலாதெண்டா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டு வீட்டில இருக்கிறன்."

"ஒரு வருஷம்தானே," என்றேன்.

"ஓம், ஒரு வருஷம்தான்," என்றாள். இருவருக்கும் தெரியும். ஃபிளாட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு வருஷத்துக்குப் போகிறவள் தையல் மெஷினைக் கொடுக்கமாட்டாள்.

நான் பறக்கப் பழகியது நாற்பத்துமூன்று வயதில். சும்மா இருக்கத் தெரியாத குணம், வேறொன்றுமில்லை. ஒரு இடத்தில் இருந்தால் கால் ஆடும், எழுதினால் வரி நிற்காது. நான் எழுதுவதை வாசித்துவிட்டு அக்கா, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு, முழுசா ஒரு வசனம் எப்ப எழுதப்போறாய்?" என்று கேட்பாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அப்படிக் கேட்க எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். என் தெருவிலிருந்து மூன்றாவது ஒழுங்கை அவளுடையது. பின்னேரம் ஆறு மணிக்கு அவளுடைய தேத்தண்ணி. அதை யாருக்கு வாடகைக்கு விடுவது?

என்னுடைய உரிமம் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கானது. முகிலுக்குள் போகக் கூடாது. தரையும் வானமும் தெரிய வேண்டும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் ரேடியோவில், இன்ன திசையில் இன்னார் வருகிறார் என்று சொல்வார்கள். ஆனால் வருகிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பது என் கண்ணின் வேலை. கொழும்புக்கு மேலே வானம் நாம் நினைப்பது போல் வெறுமையாக இல்லை. பயிற்சி விமானங்கள், ஹெலிகாப்டர்கள், வடக்கே கட்டுநாயக்கவுக்கு இறங்கும் பெரிய விமானங்கள், போகவே கூடாத இடங்கள். காலி வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே குறுக்கே கடப்பது மாதிரிதான், அங்கே போலவே இங்கேயும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளம்பினோம். சக்கரம் தரையை விட்டதும் அக்கா கண்ணை மூடினாள்.

கடலுக்கு மேலே வந்து வடக்கே திரும்பினேன். ஆயிரம் அடி. நான் இடப்பக்க ஆசனத்தில், என் ஜன்னலில் கடல் மட்டும், கரையை அக்காவைத் தாண்டி எட்டித்தான் பார்க்க வேண்டும். வலப்பக்கத்தில் அக்கா, அவளுடைய ஜன்னல் முழுவதும் கொழும்பு. அதற்காகத்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கல்கிசை போகுது அக்கா."

"போகட்டும்."

"வெள்ளவத்தை. வாய்க்கால் கடல்ல விழுற இடம். உங்கட மொட்டைமாடித் தண்ணி டேங்க் கறுப்பாத் தெரியுது."

"மூடி போட்டிருக்கா?"

"கண்ணைத் திறந்து பாருங்களேன்."

"நீ பார்த்துச் சொல்லு. மூடி போட்டிருக்கா இல்லையா?"

பம்பலப்பிட்டி போனது. கடலோரத் தண்டவாளத்தில் ஒரு ரயில் எங்களோடு கொஞ்ச தூரம் வந்து தோற்றுப் பின்தங்கியது. அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன. ஹெட்செட்டின் மைக் அவளுடைய செபத்தை அப்படியே என் காதுக்குள் கொண்டுவந்து போட்டது. அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே. நடுவில் ஒருமுறை, "கடவுளே, இவள் ஒழுங்காப் படிச்சிருக்கோணும்."

கொள்ளுப்பிட்டிக்கு நேரே வந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. எண்ணம் என்று சொல்வது பொய். வீட்டிலிருந்து புறப்படும்போதே அது என்னோடு வந்திருந்தது, எடை எழுதும் தாளில் மட்டும் அதற்கு இடமில்லை.

ஒரே ஒரு திருப்பம் போதும். இறக்கையை நன்றாகச் சாய்த்து, பயிற்சியில் நூறு தடவை செய்தது மாதிரி. ஆபத்து ஒன்றுமில்லை. பழக்கமில்லாத உடம்பு மட்டும் திடீரென்று கனத்து, கடல் பக்கவாட்டில் எழுந்து நிற்பதாக நினைக்கும். அதற்குப் பிறகு அக்கா வாழ்நாளில் விமானப் பக்கமே போகமாட்டாள். "ஏலாது," என்பாள். டிக்கெட் கிழியும். ஆறு மணிக்குத் தேத்தண்ணி. யாருக்கும் என்னைக் குறை சொல்லத் தோன்றாது. காற்றுக் கொஞ்சம் சரியில்லை என்றால் முடிந்தது.

கை பிடியில் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யமாட்டேன் என்று முடிவெடுக்கவுமில்லை. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன், என் எல்லாக் காரியத்தையும் போல.

காலிமுகத்திடல் கடந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புக்கு வெளியே வந்தோம். பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால், காலை மங்கலில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் கோட்டைக்குப் போகும் பஸ் கொச்சிக்கடையைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் கிளம்பும். வேதக்காரர் சிலுவை போடுவார்கள், சைவக்காரர் நெற்றியைத் தொடுவார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உதட்டில் ஒற்றிக்கொள்வார். நான் அப்போது பெரியவர்களின் இடுப்பு உயரம். சந்தைப் பைகளுக்கு நடுவே எனக்கு ஜன்னலே தெரியாது. அக்கா என் உச்சியில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். கோயில் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் கண்ணை மூடிச் சிலுவை போடுவேன். அந்தக் கோயிலை நான் எத்தனையோ வருடம் பார்க்காமலே கும்பிட்டிருக்கிறேன்.

அக்காவின் ஹெட்செட் பட்டியில் இரண்டு விரலால் தட்டினேன்.

அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடிய கண்ணோடு சிலுவை போட்டாள். நானும் போட்டேன். நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள், பிறகு விரல் உதட்டுக்கு. பஸ்ஸில் போட்டது மாதிரியே, தலையைக் குனிந்து, கண்ணை மூடி.

இரண்டு வினாடி இருக்கும். மூன்றாகவும் இருக்கலாம். கண்ணால் பறக்க உரிமம் எடுத்தவள், நகரத்தின் மிக நெருக்கமான வானத்தில், கண்ணை மூடிக்கொண்டு பறந்தாள்.

கோபுரத்தின் குரல் என்னை எழுப்பியது. நேர் எதிரே ஒரு ஹெலிகாப்டர், கடலோரமாகத் தெற்கே வருகிறது, கிட்டத்தட்ட நம் உயரம், கண்டதும் அறிவிக்கவும். தேடுகிறேன் என்று பதில் சொன்னேன். தேடினேன். மங்கல், பாரந்தூக்கிகள், கப்பல் புகை. நேராக நம்மை நோக்கி வருவது கண்ணாடியில் அசையாது. வைத்த இடத்தில் புள்ளியாக நிற்கும், பெருத்துக்கொண்டு மட்டும் வரும். அதனால்தான் கண்ணில் படாது.

"அக்கா, கண்ணைத் திறங்க."

"ஏன்? என்ன நடந்தது?"

"ஹெலிகாப்டர் ஒண்டு எதிர்ல வருது. எனக்குத் தெரியேல்லை. நீங்களும் தேடுங்க."

பிறகு ஹேண்ட்பேக்கின் ஸிப் திறக்கும் சத்தம். தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்! இடுப்புப் பட்டி இழுபட முன்னால் சாய்ந்தாள். வெள்ளவத்தைச் சந்தையில் மீனின் செவுளைப் பார்க்கிற அதே பார்வை.

"அந்தா."

"எங்க?"

"அந்தா தெரியுது, நீலக் கிரேனுக்கு மேல. கொஞ்சம் வலப்பக்கம். இலையான் மாதிரிச் சின்னப் புள்ளி."

"எந்த நீலம்? நாலு நீலம் நிக்குது."

"கடைசி நீலமடி! குருடே!"

கண்டேன். கண்டுவிட்டதாக அறிவித்தேன். எங்களுக்கும் கரைக்கும் நடுவால், அக்காவின் ஜன்னல் பக்கமாக, அது போனது. போதுமான தூரம். அக்கா கை காட்டினாள். ஹெலிகாப்டர் ஓட்டியவரும் கை காட்டியதாக அவள் இன்றைக்கும் சொல்வாள். நான் பார்க்கவில்லை.

"நான் கண்ணை மூடிட்டன், அக்கா. சிலுவை போடேக்க."

அவள் என்னைப் பார்த்தாள். ஏச்சுக்குத் தயாரானேன். அவளோ வடக்கே, வெகு தூரத்தில் கட்டுநாயக்கவுக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய விமானத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"நான் போறது அப்பிடித்தானே?"

"ஓம்."

"அதில எதிர்ல வாறதை ஆர் பாக்கிறது?"

"பைலட் ரெண்டு பேர் இருப்பினம்."

"ரெண்டு பேரும் வேதக்காரரா இருந்தா?"

நான் சிரித்ததில் விமானம் ஐம்பது அடி ஏறிவிட்டது.

கடலுக்குள் இன்னும் கொஞ்சம் போய், வலப்பக்கம் திரும்பித் தெற்கே வர அனுமதி கேட்டேன். கிடைத்தது. நான் ஒத்திப்போட்டிருந்த திருப்பம் இதுதான். கை பிடியில் இருந்தது. விளிம்புவரை நிறைந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோகிறவள் மாதிரி, மெல்ல, மிக மெல்லச் சாய்த்தேன். அக்காவின் இறக்கை கீழே தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சம் சரிச்சு விடு," என்றாள்.

"என்ன?"

"இன்னும் சரிச்சு விடடி. பெரிய கோயிலின்ர குவிமாடம் தெரியுது, எங்கட கொட்டாஞ்சேனை ஒழுங்கை தெரியேல்லை. சரி. இன்னும். ஆ... அந்தா! அந்த மூலை வீடு. மேல ரெண்டு மாடி கட்டிப்போட்டாங்கள். பாவிகள், கறிவேப்பிலை மரம் இல்லை."

அவள் கேட்ட அளவுக்குச் சாய்த்தேன். நான் கொள்ளுப்பிட்டியில் நினைத்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்திருந்தாள். கண்ணாடியில் அவளுடைய மூச்சு வட்டமாகப் படிந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

தெற்கே திரும்பியதும் நகரம் என் பக்கம் வந்தது. இப்போது அவளுக்குக் கடல். அவள் என் தோளுக்கு மேலால் எட்டி எட்டி, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணி டேங்குக்கு மூடி போட்டிருந்தது.

இறங்கியதும் ஹேங்கருக்குப் பக்கத்து நிழலில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டோம்.

"கொள்ளுப்பிட்டியில வேணுமெண்டே உங்களைப் பயப்படுத்த நினைச்சனான்," என்றேன். "போகாமல் விடுவீங்கள் எண்டு."

அக்கா மென்றுகொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"நான் வந்ததே ஏலாதெண்டு சொல்லத்தான். மகளுக்குச் சொல்ல ஒரு சாட்டு வேணுமே. கண்ணை மூடிக்கொண்டு எப்ப பயம் வரும், எப்ப பயம் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

"பிறகு?"

"பிறகு நீ ஹெலிகாப்டரைத் தேடச் சொல்லிட்டாய்." நாலாவது ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்தாள். "அதைக் கண்ட பிறகு எப்பிடிப் போய்ப் பயமெண்டு சொல்லுறது?"

எண்ணெய் நிரப்புகிறவர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அக்கா பதிலுக்குத் தன் பாதி ரோல்ஸை உயர்த்திக் காட்டினாள்.

"அந்தப் பெரிய பிளேன்ல எந்தப் பக்கம் இருந்தாக் கொழும்பு தெரியும்?"

கடலுக்கு மேலே கிளம்பி, தெற்கே வளைந்தால் கரை எந்தப் பக்கம் வரும் என்று யோசித்தேன். யோசிக்கத் தேவையில்லாத விஷயம். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இடப்பக்கம்."

எண்ணெய் ஒட்டிய விரலைக் கைலேஞ்சியில் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். மெல்போர்னில் அப்போது மதியமாக இருக்கும். மகள் உடனே எடுத்துவிட்டாள்.

"மகள், எனக்கு இடப்பக்கம் ஜன்னல் சீட்டாப் பார்த்துப் போடு... ஓம், ஏறி இறங்கிட்டன்... இல்லை, அழேல்லை, உன்ர சித்திதான் அழுறாள்... வலப்பக்கம் வேண்டாம். இடப்பக்கம்தான். அது அவளின்ர பக்கம்."