நாலு வட்டத்தில் ஒன்றை அடித்தேன்

கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கிய சமயம். திருவொற்றியூரில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எடுக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். எங்கள் தெருவில் கணக்கு என்றால் நான்தான். கரன்ட் மீட்டர் ரீடிங்கிலிருந்து காலேஜ் கட்-ஆஃப் வரைக்கும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்தது முழுக்க அந்தத் திமிரால்தான்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அத்தை மகனையே கட்டிக்கொண்டவள். அவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்; போனால் எட்டுப் பத்து நாள் கழித்துதான் கரைக்கு வருவார். அவர்களுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்குத் தலசீமியா. உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மாதம் தவறாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொண்டு வந்த வாரம் தெருவில் ஓடும். அடுத்த முறை நெருங்க நெருங்க இரண்டு படி ஏறினாலே உட்கார்ந்துவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்பதால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள், நான் படித்துச் சொல்வேன்.

ஒருநாள் மதியம் வந்தாள். இரண்டு மாதம் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். சந்தோஷமும் பயமும் ஒன்றாக முகத்தில் இருந்தது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்காரவைத்து டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கிறார். இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை ஒளிந்திருக்கிறது, பிறக்கிற பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, மறுபடி கர்ப்பமானால் உடனே வாருங்கள், வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று. ஆனால் மாமியார் விடவில்லை. வயிற்றில் ஊசி குத்தினால் கரு கலைந்துவிடும் என்று ஒரே பிடிவாதம். புருஷன் கடலில். இவளுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. என்னிடம் வந்தாள்.

"நாலுல ஒண்ணுன்னா இன்னாக்கா அர்த்தம்? ஒவ்வொரு வாட்டியும் நாலுல ஒண்ணுன்றாரு டாக்டரு. அந்த ஒண்ணுதான் எனுக்குப் பொறந்துடுச்சே?"

அடுப்பில் பால் வைத்திருந்தேன். ஒரு கண் அதில் இருந்தது. பழைய டெஸ்ட் பேப்பர் ஒன்றின் பின்பக்கம் நாலு வட்டம் போட்டேன். முதல் வட்டத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். இதோ பார், நாலில் ஒன்று வந்தாகிவிட்டது, மிச்சம் மூன்றும் நல்லதுதான், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றேன். அவ்வளவுதான். மொத்தமே ஒரு நிமிஷப் பேச்சு. "ஒவ்வொரு வாட்டியும்" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அது என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அவள் முகம் "ஆமாம்" என்கிற பதிலுக்காகக் காத்திருந்தது. நானும் கணக்கு படித்தவள் என்கிற தோரணையில் அந்த ஆமாமைக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கழுவிக் குழம்பு வைத்து, ருசித்துச் சாப்பிட்டோம். பரிசோதனைக்கு அவள் போகவில்லை. நான் அதைக் கேட்கக்கூட இல்லை.

பையன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். ஏழெட்டு மாதத்தில் வெளுக்க ஆரம்பித்தான். பால் குடிக்கும்போதே அசந்து தூங்கிவிடுவான். சளி என்றார்கள், பல் முளைக்கிறது என்றார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை என்னிடம்தான் கொண்டுவந்தாள். படித்தேன். அக்காவுக்கு இருந்த அதே நோயின் பெயர் தம்பிக்கும் எழுதியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உனக்கென்று இப்படி அமைய வேண்டுமா, என்ன விதியோ என்று ஆறுதல் வேறு சொன்னேன். நாலு வட்டம் போட்டது சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. பொழுதன்னைக்கும் யாருக்காவது எதையாவது போட்டுக் காட்டுகிறவள் நான். அதில் அதுவும் ஒன்று.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போயிருக்கும். ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஆறு பேருக்கு நிகழ்தகவுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் ஏற்றும் நாள். முந்தின சாயங்காலம் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுக்கவும் சீட்டைக் காட்டவும் அவள் வருவது வழக்கம். அன்றைக்கும் பையன் இடுப்பிலும் ஃபைல் கையிலுமாக வந்தாள். பாடம் நடப்பதைப் பார்த்துவிட்டு, முடியட்டும் என்று கிரில் கேட் பக்கம் நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு நான் பாடத்துக்குத் திரும்பினேன்.

முதலில் காசைச் சுண்டிப் போட்டோம். மூன்று தடவை தொடர்ந்து தலை விழுந்தது. அடுத்தது பூதான் என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான். காசுக்கு என்னடா தெரியும், முன்னாடி என்ன விழுந்தது என்று அது எழுதிவைத்துக்கொண்டா இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பகடை. கூறுவெளி என்றால் விழக்கூடியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுவது என்று சொல்லி, போர்டில் ஆறு வட்டம் போட்டு எண்களை எழுதினேன். பகடையை உருட்டி டம்ளரால் மூடினேன். நான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, இரட்டைப்படை விழுந்திருக்கிறது என்றேன். இப்போது ஆறாக இருக்க என்ன வாய்ப்பு? ஒன்று, மூன்று, ஐந்து மூன்றையும் அடித்துவிடு, மிச்சம் மூன்று, அதில் ஒன்று ஆறு. இதுதான் சார்புநிலை நிகழ்தகவு. சரி, இப்போது புதிதாக உருட்டுகிறேன், எட்டிப் பார்க்கவில்லை, ஆறு விழ என்ன வாய்ப்பு என்று கேட்டேன். ஒரு பெண் போர்டில் அடித்தது அடித்தபடி இருக்க, மறுபடியும் மூன்றில் ஒன்று என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடித்தது போன வீச்சுக்கு, புது வீச்சுக்கு எல்லா எண்ணும் திரும்ப வந்துவிடும், ஒன்றும் மூன்றும் ஐந்தும் பகடையிலிருந்து உதிர்ந்தா போய்விட்டது என்று சத்தம் போட்டேன். டஸ்டரை எடுத்துக் கோடுகளை வேகவேகமாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து, ஒவ்வொரு தடவையும் முழுசாக, மண்டையில் ஏற்றிக்கொள் என்றேன்.

கிரில் கேட் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து நின்றிருந்தாள். பையனைக் கீழே இறக்கிவிட்டு, ஃபைலின் கடைசி உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். நாலு வட்டம். ஒன்றின் மேல் கோடு. என் பேனா இழுத்த கோடு.

"எக்கா, திரும்பப் போட்டா அடிச்சதெல்லாம் திரும்ப வந்துடும்னு இப்ப சொன்னியே. அப்ப இதுல இன்னாத்துக்கு ஒண்ண அடிச்ச?"

சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. என் டியூஷன் பிள்ளைகள் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அந்த மதியம், பால், பேனா, நண்டு எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. பிள்ளைகளைப் போகச் சொன்னேன். ஆறு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் அவள் காகிதத்தைப் பிடித்தபடி நின்றாள்.

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அடுப்பில் பால் இருந்தது என்றா? தெரிந்தே சொன்னாயா என்று கேட்டாள். இல்லை, யோசிக்காமல் சொன்னேன் என்றேன். காலில் விழலாம் போலிருந்தது. அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. பையன் இதற்குள் தத்தித் தத்தி நடந்துபோய்ப் பகடையை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தான். அவள்தான் குனிந்து பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"இவன பெத்திருப்பனா மாட்டனான்னு எனுக்கே தெர்லக்கா. இவன் இல்லாம இப்ப என்னால இருக்கவும் முடியாது. ஆனா அன்னிக்கு நான் ரோசனை பண்ணியிருப்பேன். நீ என்னிய ரோசனையே பண்ண வுடல."

காகிதத்தை மடித்து அதே உறையில் வைத்தாள். அதைக் கொடு, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். சாவியைக் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொல்லி அழுதேன். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். சறுக்கியது என் காலாக இருந்தால் பரவாயில்லையே. அடிபட்டது எதிர்வீட்டுப் பிள்ளை. ரத்தமாவது கொடுக்கலாம் என்று இரண்டு தடவை போனேன். எனக்கே ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் லாயக்கில்லாமல் போனேன்.

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி ஃபைலோடு வந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் இங்கிலீஷ் படித்துச் சொல்ல வேறு ஆள் வாய்க்கவில்லை, அதனால் வந்தாள். இப்போது நான் படித்துச் சொன்னதும், "இத டாக்டராண்டயும் கேட்டுக்கறேன்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். சரிதான். கடைசி உறையில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. சீட்டைத் தேடும்போது என் விரல் தானாக அந்த உறையைத் தாண்டிப் போய்விடுகிறது.

வருஷா வருஷம் அந்தப் பாடம் வருகிறது. பகடையைப் புதிதாக உருட்டினால் எல்லா எண்ணும் திரும்ப வந்துவிடும் என்று நானும் சொல்லித் தந்துகொண்டுதான் இருக்கிறேன். நாலில் ஒன்று என்றால் என்ன என்று அந்த மதியம் அவள் என் எதிரில் நின்று கேட்ட அந்த ஒரு நிமிஷம் மட்டும், எத்தனை தடவை உருட்டினாலும் எனக்குத் திரும்ப வரப்போவதில்லை.