ஊதல் சத்தத்துக்கு உட்கார்ந்தவர்

பிள்ளைகளா, போன வாரம் நம் கடைக்கு வேலை கேட்டு வந்தவர், தான் ஜெயிலில் இருந்தவன் என்று தானாகவே சொன்னார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டேன். "ஏம்ப்பா ஒண்ணுமே விசாரிக்கல?" என்று இரண்டு பேரும் என்னோடு சண்டைக்கு வந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதிகம் படித்தவனில்லை நான். எழுதினால் ஒருவேளை வரும்.

என் சின்ன வயதில் நாங்கள் மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்கு இருந்தோம். எனக்கு எட்டு வயது. கள்ளுக்கடைச் சண்டையில் ஒருவரை வெட்டிவிட்டு மூன்று வருடம் உள்ளே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடு வந்து தங்கினார். வேலை கேட்டுப் போன இரண்டு தோட்டங்களில் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாவதாக எங்கள் தோட்டத்தில் கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, தம்பி கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்தவன் என்று சொல்லிவிட்டாள். ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் காய் உலர்த்துகிற வேலை கிடைத்தது. அங்கே அடுப்பின் சூடு கொஞ்சம் தப்பினாலும் ஏலக்காயின் பச்சை நிறம் போய்விடும். மாமா கை வைத்தால் போகாது.

என்னிடம் திருவிழாவில் வாங்கிய ஒரு தகர ஊதல் இருந்தது. ஒருநாள் விறகு அடுக்கிக்கொண்டிருந்த மாமாவின் முதுகுக்குப் பின்னால் அதை ஊதினேன். விறகைப் போட்டுவிட்டுச் சடாரென்று குந்தி உட்கார்ந்தார். கை இரண்டும் தலைமேல் போயின. "இருநூத்தி நாப்பத்தொண்ணு, சார்!" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மருமகனே, இது நம்ம ரெண்டு பேரு வெளையாட்டு. வெளிய ஊதிராத, என்ன?"

சரி என்றேன். தினமும் ஊதினேன். அவரும் தினமும் உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம் மாமாவுக்குச் சோற்றுவாளி கொண்டுபோனேன். அம்மாவும் மற்றப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இருக்கிற இடம் வெளியிடமாகாது என்று எனக்குத் தோன்றியது. ஊதிவிட்டேன்.

மாமா கையிலிருந்த தட்டு விழுந்து காய் தரையெல்லாம் ஓடியது. குந்தி உட்கார்ந்து எண்ணையும் சொல்லிவிட்டார்.

"ஏ ஆத்தி! ஒந்தம்பி மில்லுல இப்பிடித்தேன் நூல் நூத்தாராக்கும்?" என்றாள் ஒருத்தி அம்மாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோரை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன வருசம்யா?" என்று கேட்டார். மாமா எழுந்திருக்காமலே, "மூணு, சார்" என்றார்.

வேலை போகவில்லை. அப்படிக் காய் உலர்த்துகிற ஆள் அந்த மலையில் வேறு இல்லை. கணக்கப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் வேலையாட்கள் குடியிருந்த லயமே பேசியது. மறுநாள் அவர் சட்டைப்பையில் ஒரு புது ஊதல் இருந்தது.

அதன் பிறகு யாராவது பெரிய மனிதர் வந்தால் கணக்கப்பிள்ளை ஊதுவார். மாமா உட்கார்ந்து எண் சொல்லுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒரே பெருமை. அது நான் கண்டுபிடித்த விளையாட்டு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் ஊதினால் மட்டும் மாமா இப்போது உட்காருவதில்லை. "போதும் மருமகனே, அங்க உக்காந்துட்டு வந்துட்டேன்" என்பார்.

போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்த அன்று நானும் ஸ்டோரில் இருந்தேன். கணக்கப்பிள்ளை ஊதினார். மாமா காயைக் கிளறிக்கொண்டே இருந்தார். "செவிடாய்யா நீ?" என்று மறுபடி ஊதினார். மாமாவின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. பாதி இறங்கியவர் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். கால் வெடவெடவென்று ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்படியே நின்றார். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வியாபாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து மாமா நிமிர்ந்தார்.

சாயங்காலமே வேலை போய்விட்டது.

"ஒரு தடவ குந்தி எந்திரிச்சா என்னடா கொறஞ்சு போச்சு? சோறுல்ல போச்சு!" என்று அம்மா அழுதாள். மாமா துணிகளை மூட்டை கட்டினார். விடிந்ததும் பீர்மேட்டுப் பக்கம் வேலை தேடி ஜீப்பில் ஏறிவிட்டார். அம்மா கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. எத்தனை தடவை உட்கார்ந்தவர், இன்னொரு தடவை உட்கார்ந்தால் என்ன?

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. உட்காருவது சுலபம், நிற்பதும் சுலபம். நடுவில் அவ்வளவு நேரம் எப்படி நின்றார்?

ஜீப் போன பிறகு, லயத்தின் பின்பக்கம் யாரும் இல்லாத இடத்துக்குப் போனேன். முழங்காலைப் பாதி மடக்கி, பிடிக்க எதுவும் இல்லாமல், நின்று பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் தொடை எரிந்தது. பொத்தென்று மண்ணில் விழுந்தேன். எழுந்து, டவுசரைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் மடக்கினேன்.