வெட்டி எடுத்த அரை நிமிடம்

எங்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பித்தப்பையை எடுக்கும்போது, அதன் குழாயை வெட்டுமுன் கையை நிறுத்த வேண்டும். "எல்லாரும் பாத்தாச்சோ?" என்று கேட்க வேண்டும். தாதி, மயக்க மருந்து கொடுப்பவர், தரை துடைக்கும் அம்மா வரை திரையைப் பார்த்து "ஓம்" சொன்ன பிறகுதான் கத்தரி. முன்பொருமுறை பிழையான குழாயை வெட்டியவன் நான். அதனால் நான் கொண்டுவந்த வழக்கம்.

பிறகு, வீடியோவைப் பார்த்துக் கைத்திறனுக்குப் புள்ளி போடும் கணினி வந்தது. அது தேறவைத்தால்தான் பயிற்சி மருத்துவர் நிபுணராகலாம். என்னிடம் பயிற்சிக்கு இருந்தவள் சல்லிக் கிராமத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நிதானமான கை. இரண்டு முறை தேறவில்லை. காரணம்: 'தேவையற்ற தயக்கம்'. கத்தரியின் நுனி எங்கே போகிறது என்று அளக்கத் தெரிந்த சனியனுக்கு, அது ஏன் நிற்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

அவளுக்கு இன்னும் ஒரேயொரு வாய்ப்புத்தான் இருந்தது.

"இந்த ஒருக்கா நிப்பாட்டாமல் செய்யுங்கோ, தங்கச்சி."

"ஏலாது சேர்."

தான் சொன்னபடியே மூன்றாம் முறையும் நிறுத்தினாள், கேட்டாள், எல்லோரும் ஓம் சொன்னோம். அன்று பின்னேரம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவிலிருந்து அந்த அரை நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். நல்ல புள்ளி. 'தயக்கமற்ற கை' என்று பாராட்டு வேறு.

அவள் எல்லோருக்கும் தொதல் இனிப்புக் கொண்டுவந்தாள். "நிப்பாட்டியும் பாஸ், சேர். மிஷினுக்கு இப்ப விளங்குது போல." நான் இரண்டு துண்டு தின்றேன். வெட்கங்கெட்ட வாய், ருசித்தது.

அடுத்து கிண்ணியாவிலிருந்து ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார். "பயப்படாமல் நிப்பாட்டுங்கோ" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அவர் நிறுத்தினார். தேறவில்லை. இருவரும் அவருடைய புள்ளித் தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள்.

"எனக்கு மட்டும் எப்பிடி சேர் பாஸ் வந்தது?" என்று கேட்டாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவரிடம் கையை நீட்டினேன். "அடுத்த வீடியோவை முதல்ல என்னட்டத் தாங்கோ, தம்பி. நான் ஒருக்காப் பாத்துட்டு அனுப்புறன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. மேசையில் மூடியிருந்த என் மடிக்கணினியை, அழுகின மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என்னையும் அப்படியே பார்த்தாள்.

"ஏலாது சேர்" என்றாள்.