நான் நட நினைத்த தூண்

இரும்பில் இரும்பு படும் சத்தத்தை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது சைக்கிள் திருத்தினால்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வரும்போது, "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

எங்களுக்கு இப்போது இருப்பது ஒரே மகள், ஜெனிற்றா. அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். உடையார்கட்டில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடைசிப் போரில் அவனை இழந்தபோது அவள் என் மனைவி ரீற்றாவின் இடுப்பில் இருந்த சிறு குழந்தை. அன்றிலிருந்து இவள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

உயர்தரம் முடித்தவளுக்கு வவுனியாவில் ஒரு கல்லூரியில் கணினி விஞ்ஞானமும் வலையமைப்பும் படிக்க இடம் கிடைத்தது. இரண்டு வருட டிப்ளோமாப் படிப்பு. நான்கு அரையாண்டுகளையும் நான்கு நிறத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். கடைசி அரையாண்டில் வெளியிடத்தில் வேலைப் பயிற்சி என்று சிவப்பில் எழுதியிருந்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வவுனியாவுக்குப் போகும் கண்டி வீதியில் ஓடும் பஸ்களை நினைத்தேன். விடுதியில் இவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதும் நேரத்திலும் அதே நினைவுதான்.

படிப்புக்கு இரண்டு வழி இருந்தது. விடுதியில் தங்கலாம். அல்லது வீட்டிலிருந்தே இணையத்தில் பாடம் கேட்டு, செய்முறைக்கு மட்டும் மாதத்தில் சில நாள் போய் வரலாம். நான் முழங்காலில் நின்று ஒரே செபத்தைத்தான் சொன்னேன்: "ஆண்டவரே, இவளை என் பக்கத்திலேயே வைத்திரும்."

வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று முடிவு சொன்னேன். அவள் சரி என்றாள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் இணையம் வராது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் வளவு முழுக்க நடந்தாள். பின் மூலையில், வாழைகளுக்கு அப்பால், சிக்னல் இரண்டு கோடு வந்தது. அங்கே ஒரு இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் அன்ரனா கட்டி, வீட்டுக்கு வயர் இழுக்கலாம் என்றாள்.

அந்த மூலையில் நாங்கள் ஒருநாளும் மண்வெட்டி போட்டதில்லை. ஆனாலும் நான் யோசிக்கவில்லை. போருக்குப் பிறகு மீள்குடியேறும்போது கண்ணிவெடி அகற்றித் துப்புரவு செய்து தந்த காணிதானே. பதினைந்து வருடமாகப் படுத்தெழும்பும் வளவு. பயமெல்லாம் எனக்கு வெளியில்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை கிண்டத் தொடங்கினேன். என் வலது தோளில் போரில் பாய்ந்த எறிகணைத் துண்டு ஒன்று இன்னும் இருப்பதால் கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்தது. ஜெனிற்றா என் கையிலிருந்த இரும்பு அலவாங்கை வாங்கிக் குழியில் குத்தத் தொடங்கினாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. இது சிக்னலுக்கு நடுற தூணோ, என்னைக் கட்டி வைக்கிற கட்டையோ?"

"கதையைக் குறைச்சுப்போட்டுக் கிண்டு."

"கயிறு கொஞ்சம் நீளமா விடுங்கோ, மேஞ்சுபோட்டு வாறன்."

குசினிக்குள் ரீற்றா சிரிப்பது கேட்டது. நான் தண்ணீர்ச் செம்பை எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கல்லில் பட்டால் அப்படிக் கேட்காது. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"அப்பா, பைப்பு ஏதும் கிடக்கோ?"

மண் சரிந்து, துருப்பிடித்த வளைவு ஒன்று தெரிந்தது. அதன் மேல் அலவாங்கின் முனை. அலவாங்கில் என் பிள்ளையின் இரண்டு கையும்.

"அசையாதை பிள்ளை."

என் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்பா, விடவோ, தூக்கவோ?"

கால் ஒரு அடி நகரவில்லை. சிறுவயது முதல் சொன்ன செபமாலையில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "அப்பா, கை நடுங்குது" என்றாள்.

அப்போது என்னிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, என் பக்கத்தில் இருக்க வேண்டாம். எங்கேயாவது இருக்கட்டும். உயிரோடு இருக்கட்டும்."

அதைச் சொன்னதும் கால் நடந்தது. நான் நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். நடத்தப்பட்டேன். அவள் கைகளுக்கு மேலே அலவாங்கைப் பிடித்தேன்.

"நான் பிடிச்சிட்டன். நீ விட்டிட்டு, வந்த காலடியிலேயே பின்னுக்குப் போ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு றோட்டுக்குப் போ."

"நீங்கள்?"

"போ எண்டுறன்."

அவள் அழுதுகொண்டு போனாள். படலை திறந்த சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு சிலுவை அடையாளத்தை மனதுக்குள் போட்டு, அலவாங்கை நேராக மேலே தூக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வாழை இலை அசைந்தது. அவ்வளவுதான்.

பொலிசுக்கு அறிவித்தோம். வெடிபொருள் அகற்றுபவர்கள் வந்து சிவப்பு நாடா கட்டினார்கள். அவர்களில் மண்ணை விலக்கிப் பார்த்த பெண்பிள்ளை என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: "ஐயா, வெடிக்கக் கூடிய எறிகணைதான். அலவாங்கு அதின்ர உடம்பில பட்டிருக்கு. அதை வெடிக்க வைக்கிற தலையில பட்டிருந்தா நாங்கள் இப்பிடிக் கதைச்சுக்கொண்டு நிக்கேலாது." பிறகு அதை வெடிக்க வைத்து அழித்தார்கள். நாங்கள் மூவரும் கோவிலுக்குள் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம். ரீற்றா என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சருங்கோ, இனி எந்த மூலையில கிண்டப் போறியள்?"

எந்த மூலையிலும் இல்லை என்றேன். நான் பத்திரம் என்று நினைத்த இடத்தில் மரணம் கிடந்தது. நான் பயந்த இடமெல்லாம் ஆண்டவருடைய கையில்தான் இருந்தது. குழியருகே நான் சொன்ன வார்த்தையை அவர் கேட்டார். அதை நான் திருப்பி எடுக்க முடியாது.

விடுதியில் சேர்க்க நானே கூட்டிப்போனேன். பரந்தன் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்கு மாறும்போது சனநெரிசல். அவள் முதலில் ஏறினாள். கீழே நின்ற என் கை அவளுடைய பையின் பட்டியைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதே எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, விடுங்கோ. விட்டாத்தானே நீங்களும் ஏறலாம்."

விட்டேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. மாலையில் கைப்பேசியில் அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டுமென்றால், அந்தப் பின் மூலைக்குத்தான் போகவேண்டும். இரண்டு கோடு அங்கேதான் வருகிறது. மூடிய குழியின் பக்கத்தில் நிற்கிறேன். அவள் வயர் நுனியில் பொருத்திய இணைப்பைக் காட்டி, "இது நானே பூட்டினது அப்பா" என்கிறாள். கதைத்து முடிந்தபின் அதே மண்ணில் முழங்காலிட்டு நன்றி சொல்கிறேன்.

பிள்ளையை அனுப்பப் பயந்து, படிவத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்மாரே, உங்கள் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அதை அப்படியே ஆண்டவரிடம் கொண்டு போங்கள். தனியே போகப் பயமென்றால் ஒரு மாலை எங்கள் வளவுக்கு வாருங்கள். அந்த மூலையில் சேர்ந்து செபிப்போம்.